ஸ்ரெரோயிட்டுக்குக் கேட்காத வயிற்றோட்டம்

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி ஊசி ஏற்றிக்கொள்ளும் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த ஊசியைத்தான். நேற்றுச் சாப்பிட்ட கணவாய்க் கறியை அல்ல, கலியாண வீட்டுத் தயிரையும் அல்ல. இவற்றாலும் வரலாம்தான். ஆனால் இவற்றைக் குற்றம் சாட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடும் நான்கைந்து நாட்களில் பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகிவிடக்கூடும்.

யாழ்ப்பாணத்து நீர்வேலி போன்ற ஓர் ஊரில் இந்தச் சிக்கல் இரண்டு வழியில் வரும். ஒன்று, தெல்லிப்பழை அல்லது மகரகம கிளினிக்கிலோ கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியிலோ ஊசி எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பும் நோயாளி. மற்றது, கனடாவிலும் லண்டனிலும் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் உறவினர். பெம்புரோலிசுமாப் என்ற மருந்தை மூன்று கிழமைக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம் கொடுக்கலாம். ஆறு கிழமைக்கு ஒரு தரம் 400 மில்லிகிராமும் கொடுக்கலாம். ஆறு கிழமை இடைவெளி என்றால் ஒரு பயணத்துக்கு வசதி. அந்த இடைவெளியில்தான் ஊருக்கு வருகிறார்கள், வந்த இடத்தில் வயிறு குழம்புகிறது, "தண்ணி மாறினது" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.

ஏன் குடலைத் தாக்குகிறது

எங்கள் உடலின் நோய் எதிர்ப்புக் கலங்களுக்கு இயல்பாகவே ஒரு பிரேக் உண்டு. புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுகிறது. பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்ஜோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த இபிலிமுமாப் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிவோலுமாப்பும் பெம்புரோலிசுமாப்பும் 2014இல். பிரேக் விடுபட்ட கலங்கள் கட்டியை மட்டும் தாக்கிவிட்டு நின்றுவிடுவதில்லை. தோல், ஈரல், தைரொயிட், நுரையீரல், குடல் எல்லாவற்றிலும் கை வைக்கும். எதிர்ப்புக் கலங்கள் நிறைந்து கிடக்கும் இடம் குடல் என்பதால் அங்கே சேதம் பெரிது.

இபிலிமுமாப் எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வயிற்றோட்டம் வரும். நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் வகையில் குடல் அழற்சி நூற்றுக்கு ஒரு சிலருக்கே. இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து கூடும். பெரும்பாலும் தொடங்கி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் வரும். முதல் ஊசிக்குப் பிறகே வந்ததும் உண்டு; சிகிச்சை நிறுத்திப் பல மாதங்களுக்குப் பின் வந்ததும் உண்டு.

எத்தனை தரம் போகிறது

வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி இதுதான். பலர் வெட்கத்தில் "கொஞ்சம் கூடத்தான்" என்று மழுப்புவார்கள். மழுப்பாதீர்கள். வழமையாகப் போவதை விட ஒரு நாளைக்கு எத்தனை தரம் கூட என்பதை வைத்தே சிகிச்சை தீர்மானிக்கப்படுகிறது. நான்குக்குக் குறைவாகக் கூடினால் முதலாம் படி. நான்கு முதல் ஆறு வரை என்றால் இரண்டாம் படி. ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் படி. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நிலை. உயிருக்கு ஆபத்தானது நான்காம் படி. வழமையாக ஒரு தரம் போகிறவர் இப்போது ஐந்து தரம் போனால் அவர் ஏற்கெனவே இரண்டாம் படியில் நிற்கிறார்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நாள், நேரம், இரத்தம் அல்லது சளி உண்டா, இரவில் எழும்ப வேண்டியிருந்ததா என்று எழுதி வாருங்கள். இரவில் நித்திரையைக் குழப்பி எழுப்பும் வயிற்றோட்டம் சாதாரணமானதல்ல. இந்த அழற்சிக்கு முதலில் கொடுக்கும் ஸ்ரெரோயிட்டைத் தொடங்கிய பிறகு இந்தத் தாள் இன்னும் முக்கியமாகும்.

இரத்தம் போனால், காய்ச்சல் அடித்தால், வயிறு ஊதி இறுகினால், தலை சுற்றி விழுந்தால், சலம் குறைந்தால் எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. கோப்பாய் வைத்தியசாலை கிட்டத்தான் என்றாலும், குடல் நிபுணரும் சத்திரசிகிச்சைப் பிரிவும் தேவைப்படும் நோய் இது. யாழ் போதனா வைத்தியசாலை நீர்வேலியிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே சுமார் 10 கிலோமீற்றர்தான். அங்கே போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "இவருக்குப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி ஊசி ஏறுது." கீமோ என்று சொல்லிவிடாதீர்கள். கீமோவால் வரும் வயிற்றோட்டத்துக்கு வைத்தியம் வேறு.

எங்கள் மண்ணில் முதலில் தேட வேண்டியவை

வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடும். எங்களுக்கு அது போதாது. ஸ்ரெரோயிட் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. குடலில் கிருமியோ புழுவோ ஒளிந்திருக்கும்போது அதைக் கொடுத்தால் எரிகிற வீட்டில் கிணற்றை மூடியது போலாகும்.

அமீபாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் அமீபாவால் ஈரலில் சீழ்க்கட்டி வருவது புதிதல்ல. கள்ளுக் குடிக்கும் ஆண்களிடம் அது அதிகம் என்று இங்குள்ள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதே அமீபா பெருங்குடலிலும் இரத்தமும் சளியுமாகப் போக வைக்கும். பார்வைக்கு இம்யூனோதெரபி அழற்சி போலவே இருக்கும். அதற்கு ஸ்ரெரோயிட் கொடுத்தால் குடல் ஓட்டையாகக்கூடும். கள்ளுக் குடித்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே யாரும் ஒழுக்கப் பாடம் எடுக்கப் போவதில்லை.

அடுத்தது ஸ்ரொங்கிலொயிடெஸ் என்ற நூற்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வாழைத் தோட்டத்துக்கு இறைக்கிறவர், வெங்காயப் பாத்தியில் நிற்கிறவர் எல்லோரும் இதற்கு இலக்கு. மற்றப் புழுக்களைப் போலச் சில காலத்தில் அழிந்துவிடாது; உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். சிறுவயதில் நீர்வேலித் தோட்டத்தில் ஓடித் திரிந்து, பிறகு ரொறன்ரோ போய் நாற்பது வருடம் பனியில் வாழ்ந்தவரின் குடலிலும் அது இருக்கலாம். உயர்ந்த அளவு ஸ்ரெரோயிட் கிடைத்ததும் புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் பரவும். உயிரையே எடுத்துவிடும். ஒரு தரம் மலம் பரிசோதித்து "இல்லை" என்று வந்தால் அது போதாது. இரத்தப் பரிசோதனையும் உண்டு. சந்தேகம் பலமாக இருந்து, காத்திருக்க நேரமும் இல்லையென்றால், ஐவர்மெக்ரின் குளிசையை முன்கூட்டியே கொடுத்துவிடுவது வைத்தியர்கள் கையாளும் வழி. வெளிநாட்டில் சிகிச்சை பெறும் உறவினருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அவருடைய வைத்தியருக்கு எங்கள் செம்மண்ணைத் தெரியாது.

இவற்றோடு மலத்தில் சாதாரண பற்றீரியாக்களும் குளோஸ்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியும் தேடப்படும். கல்புரொரெக்டின் என்ற பரிசோதனை குடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும். இரத்தத்தில் உப்புச் சமநிலை, சிறுநீரகம், ஈரல், அல்புமின் பார்ப்பார்கள்.

ஒரு காரியத்தை நோயாளியின் ஆட்கள் முதல் நாளே நினைவூட்ட வேண்டும். சயரோகம் உடலில் உறங்கிக் கிடக்கிறதா என்ற பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்றே, ஹெப்பரைற்றிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகள் ஆகியவற்றை ஸ்ரெரோயிட் தொடங்கும் நாளிலேயே செய்துவிடுவது நல்லது. ஸ்ரெரோயிட் சில நாள் ஏறிய பிறகு சயரோகப் பரிசோதனை பொய் சொல்லலாம். அதோடு, ஸ்ரெரோயிட் கேட்காவிட்டால் கொடுக்கும் இரண்டாம் கட்ட மருந்துக்கு இந்த முடிவுகள் கட்டாயம் வேண்டும். நான்காம் நாள் இரத்தம் எடுத்து, முடிவுக்கு இன்னும் நான்கு நாள் பார்த்திருந்தால் சிகிச்சை தாமதமாகும். நோயாளி உயிராபத்தில் இருந்தால் முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று நாள்

இரண்டாம் படிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரெட்னிசலோன். மூன்றாம் படிக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம், நாளத்தின் வழியே. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 மில்லிகிராம் என்றால் 5 மில்லிகிராம் குளிசை பன்னிரண்டு. ஒரேயடியாகப் பன்னிரண்டு குளிசையா என்று பயந்து ஆறைக் குடித்துவிட்டு ஆறை அலுமாரியில் வைப்பவர்கள் உண்டு. பிறகு "ஸ்ரெரோயிட் கேட்கவில்லை" என்று எழுதப்படும். கேட்காதது மருந்தா, குடிக்காததா என்று வைத்தியருக்குத் தெரிய வேண்டாமா? குடிக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். புண்பட்ட குடல் குளிசையைச் சரியாக உறிஞ்சாமலும் விடலாம். அப்போது ஊசிக்கு மாற்றிப் பார்ப்பார்கள்.

சரியான அளவு, சரியான வழியில் கொடுத்தும் மூன்று நாளில், மிஞ்சினால் ஐந்து நாளில், எண்ணிக்கை தெளிவாகக் குறையவில்லையென்றால் ஸ்ரெரோயிட் தோற்றுவிட்டது. நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்காவது இப்படி நடக்கிறது. இது அபூர்வமல்ல; யாருடைய பிழையுமல்ல. பிழை என்பது பத்தாம் நாளும் அதே ஸ்ரெரோயிட்டைக் கூட்டிக்கொண்டிருப்பது. நாள் செல்லச் செல்லச் சீனி ஏறும், தசை கரையும், கிருமி தொற்றும், குடலோ ஆறாது.

கொலனோஸ்கோப்பி, அல்லது குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் பார்க்கும் குறுகிய கமெரா, இந்த இடத்தில் பெரிய உதவி. ஆழமான புண்கள் தெரிந்தால் ஸ்ரெரோயிட் மட்டும் போதாது என்பதற்கு அதுவே அறிகுறி. அப்படியானவருக்கு மூன்று நாள்கூடக் காத்திராமல் அடுத்த மருந்தைச் சேர்க்கலாம். கண்ணுக்குக் குடல் சுத்தமாகத் தெரிந்தாலும் பயொப்சி எடுக்க வேண்டும், ஏனென்றால் சில வேளை அழற்சி நுணுக்குக்காட்டியில்தான் தெரியும். சைற்ரோமெகலோ வைரஸ் புண்ணில் குடியேறியிருப்பதும் அங்கேதான் பிடிபடும். அதற்கு மருந்து வேறு.

ஆக மூன்றாம் நாள் காலை வாட் பார்வையின்போது நீங்கள் கேட்க வேண்டியது இது: "டொக்டர், இண்டைக்கு மூண்டாம் நாள். நேற்று ஒன்பது தரம் போச்சுது, குறையேல்லை. அடுத்த மருந்து எப்ப துவங்குவியள்? அதுக்கு வேண்டிய ரெஸ்ற் எல்லாம் எடுத்தாச்சோ?" மரியாதையாகக் கேட்டால் எந்த வைத்தியரும் கோபிக்க மாட்டார். எண்ணிக்கை எழுதிய தாளையும் கையில் கொடுங்கள். புற்றுநோய் வைத்தியரும் குடல்நோய் வைத்தியரும் வெவ்வேறு கட்டிடத்தில், சில வேளை வெவ்வேறு ஊரில் இருப்பார்கள். இருவரையும் தொலைபேசியில் பேச வைப்பது பல நாள் உங்கள் வேலையாகவே முடியும்.

அடுத்த மருந்துகள்

முதலாவது இன்ஃபிளிக்சிமாப். குரோன்ஸ் என்ற குடல் நோய்க்காக 1998இல் வந்த மருந்து; ரிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைக் கட்டிப்போடும். ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் சேலைனில் கலந்து ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஏற்றுவார்கள். 60 கிலோ என்றால் 300 மில்லிகிராம். 100 மில்லிகிராம் குப்பி மூன்று. தேவைப்பட்டால் இரண்டாம் கிழமையும் ஆறாம் கிழமையும் திரும்பக் கொடுப்பார்கள். இதன் பலம் வேகம்: பலருக்கு ஒரு சில நாளிலேயே குறையத் தொடங்கும். பலவீனம், உடல் முழுவதும் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. உறங்கிக் கிடந்த சயரோகம் எழும்பலாம். இதயம் கடுமையாகப் பலவீனப்பட்டவருக்குக் கூடாது. இம்யூனோதெரபியால் ஈரலும் தாக்கப்பட்டிருந்தால் இதைத் தவிர்ப்பார்கள்.

இரண்டாவது வெடோலிசுமாப், 2014இல் வந்தது. எதிர்ப்புக் கலங்கள் குடலுக்குள் நுழையும் வாசலை மட்டும் அடைக்கிறது, மற்ற உறுப்புகளை அவ்வளவாகத் தொடாது. எடை எதுவானாலும் 300 மில்லிகிராம். அரை மணிநேரத்தில் ஏறிவிடும். அதே 0, 2, 6 கிழமை ஒழுங்கு. ஈரலும் பாதிக்கப்பட்டவர், சயரோகப் பயம் உள்ளவர், வயதானவர் ஆகியோருக்கு இதுவே பொருத்தம். வேகம் குறைவு, ஒரு கிழமை, அதற்கு மேலும் ஆகலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து தரம் இரத்தமாகப் போகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. அவருக்கு இன்ஃபிளிக்சிமாப், நின்று நிதானிக்க நேரம் உள்ளவருக்கு வெடோலிசுமாப் என்று பொதுவாக நினைவில் வைக்கலாம். ஒன்று தோற்றால் மற்றதுக்கு மாறுவார்கள்.

இரண்டும் தோற்றால் ரொஃபாசிரினிப் குளிசை, உஸ்ரெகினுமாப் ஊசி என்று மேலும் சில வழிகள் உண்டு. சுகதேகி ஒருவரின் மலத்திலுள்ள நல்ல பற்றீரியாக்களைக் கொலனோஸ்கோப்பி வழியே நோயாளியின் குடலில் சேர்த்து, ஹியூஸ்ரன் எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் இருவரைக் குணப்படுத்திய செய்தி 2018இல் வெளிவந்தது. கேட்க அருவருப்பாக இருக்கலாம், பலன் கிடைத்தது. குடல் ஓட்டையானால் மருந்துக்கு இடமில்லை, சத்திரசிகிச்சைதான். ஸ்ரெரோயிட் எடுப்பவருக்குக் குடல் ஓட்டையானாலும் வலி பெரிதாகத் தெரியாமல் போகலாம் என்பதால், வயிறு ஊதினாலோ நாடித்துடிப்பு ஏறினாலோ சீரி ஸ்கான் கேளுங்கள்.

விலை? இன்ஃபிளிக்சிமாப்புக்கு ஒப்பான மலிவான மருந்துகள் 2012இல் தென்கொரியாவில் தொடங்கிப் பல நாடுகளில் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் உண்டா, விசேட கோரிக்கையில் எடுக்க முடியுமா என்று முதலில் வாட் வைத்தியரிடம் கேளுங்கள். பிறகுதான் காசு சேர்க்கும் கதை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஊர்ச் சங்கங்களும் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களும் உதவக்கூடும். வைத்தியரின் கடிதத்தோடு அணுகுங்கள்.

கொழும்பில் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டுவருவதானால்: இரண்டு மருந்தும் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். றெஜிபோர்ம் பெட்டியில் ஐஸ் பொதி வைத்து, குப்பி ஐஸைத் தொடாதபடி துணியில் சுற்றுங்கள். உறைந்துபோன குப்பி குப்பைக்குத்தான். குலுக்கவும் வேண்டாம்.

வீட்டில்

ஜீவனி ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, அன்றைக்கே குடித்து முடியுங்கள். கொதிக்க வைக்காத கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் அழுக்கு கிணற்றை எட்ட அதிக நேரம் எடுக்காது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஜீவனிக்குப் பதிலாகாது. சிறுநீரகம் பாதித்தவருக்கு இளநீரும் வாழைப்பழமும் வைத்தியரைக் கேட்டே. மற்றவர்கள் கதலியோ இதரையோ ஒன்று சாப்பிடலாம். நீர்வேலியில் இருந்துகொண்டு வாழைப்பழத்துக்குப் பஞ்சமா? குழைந்த சோறு, கஞ்சி, இடியப்பம், தோலில்லாக் கோழி, மீன் அவியல் சரி. தூள் கறி, குரக்கன், கீரை, பால் ஆறும்வரை ஒதுங்கட்டும்.

லொபெரமைட் போன்ற வயிறு கட்டும் குளிசையை நீங்களாகக் குடிக்க வேண்டாம். எண்ணிக்கையை மறைக்குமே தவிர அழற்சியை ஆற்றாது. டைக்குளோபினக், ஐபுபுரோபன் வலிக் குளிசைகளும் கூடாது. வயிற்றைச் சுத்தமாக்கப் பேதி மருந்து கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு, இந்த நோயில் அது நேரடிக் கேடு. சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோர்மின் எடுப்பவர், பிரஷருக்கு லொசாற்றன், எனலப்பிரில் எடுப்பவர் நீரிழப்பு உள்ள நாட்களில் அவற்றை நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஸ்ரெரோயிட் எடுக்கும் நாளெல்லாம் சீனி பாருங்கள்.

குறையத் தொடங்கிய பிறகு ஸ்ரெரோயிட்டை நான்கு முதல் ஆறு கிழமையில் படிப்படியாகக் குறைப்பார்கள். இரண்டாம் மருந்து நன்றாக வேலை செய்தால் இன்னும் வேகமாகவும் குறைக்கலாம். சட்டென்று நிறுத்தினால் உடல் சோர்ந்து பிரஷர் விழும். 20 மில்லிகிராமுக்கு மேல் நான்கு கிழமை தாண்டினால் நுரையீரல் தொற்றைத் தடுக்க கோட்றிமொக்சசோல் வேண்டுமா என்று கேளுங்கள். எலும்புக்குக் கல்சியம், விற்றமின் டி. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் எதுவும் இந்தக் காலத்தில் வேண்டாம்.

புற்றுநோய் ஊசியைத் திரும்பத் தொடங்கலாமா என்பதே எல்லாரும் கேட்கும் கடைசிக் கேள்வி. இபிலிமுமாப்பால் மூன்றாம் படி வந்திருந்தால் அந்த மருந்து இனி வேண்டாம் என்பதே விதி. நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் என்றால் குடல் ஆறி, ஸ்ரெரோயிட் குறைந்த பிறகு, கல்புரொரெக்டினும் கமெராவும் சாதகமாக இருந்தால் மீண்டும் தொடங்குவதுண்டு. சிலருக்கு வெடோலிசுமாப்பை அருகில் வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். ஊசி நின்று மாதங்கள் ஆனபின்னும் இந்த அழற்சி திரும்பலாம். ஆகவே ஊசியின் பெயர், கடைசியாக ஏறிய திகதி, ஸ்ரெரோயிட் தோற்ற நாள், பலன் தந்த மருந்தின் பெயர், புற்றுநோய் வைத்தியரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி, அதன் பிரதி ஒன்றை நோயாளியின் பேர்சில் வையுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.